சீரகம், மல்லி, சோம்பு, வெந்தயம்: அரசுத் திட்டங்கள் விவசாயிக்கு எதுவரை கைகொடுக்கின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதை மசாலா என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

அஞ்சறைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சீரகம், சோம்பு, வெந்தயம், மல்லி. அலமாரியில் தனி டப்பாவில் ஓமம், கருஞ்சீரகம். நாட்டு மருந்துக் கடைக்குப் போனால் சதகுப்பை. இவற்றில் விதைதான் மசாலா, அதனால் இந்தப் பெயர். பெரும்பாலும் மழைக்காலம் ஓயும்போது விதைத்து, பனியில் வளர்ந்து, கோடை முற்றுமுன் களத்துக்கு வருபவை.

அதே பெட்டியில் கடுகும் இருக்கிறது. மசாலா வாரியத்தின் 52 பொருள் கொண்ட பட்டியலிலும் கடுகு உண்டு. ஆனால் வேளாண் அமைச்சகத்தின் கணக்கில் கடுகு எண்ணெய்வித்து. இந்த ஒரு வகைப்பாடு விவசாயியின் பிழைப்பில் எவ்வளவு பெரிய வித்தியாசம் செய்கிறது என்பதை விலை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இவை எங்கே விளைகின்றன?

நாம் வாங்கும் சீரகம் ஏறக்குறைய முழுக்க இரண்டு மாநிலங்களிலிருந்து வருகிறது: ராஜஸ்தான், குஜராத். பார்மர், ஜாலோர், ஜோத்பூர், நாகௌர் ஒரு பக்கம்; பனாஸ்காந்தா, பாடன், சுரேந்திரநகர், கட்ச் மறுபக்கம். உலகச் சீரகத்தில் சுமார் 70 சதவீதம் இந்தியாவில்தான் விளைகிறது. அதற்கு விலை வைக்கும் இடம் குஜராத்தின் மேசானா மாவட்டத்தில் உள்ள உஞ்சா சந்தை. மல்லிக்கு ராஜஸ்தானின் ராம்கஞ்ச் மண்டியும் மத்தியப் பிரதேசத்தின் குணாவும் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை, கமுதி பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக மல்லி போடுகிறார்கள்.

இந்தப் பயிர்களுக்குப் பொறுப்பான அரசு அலுவலகம் எது? மசாலா வாரியமா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொச்சியில் உள்ள மசாலா வாரியம் 1987இல் தொடங்கப்பட்டது. வணிக அமைச்சகத்தின் கீழ் வருகிறது. அதன் முக்கிய வேலை ஏற்றுமதியும் தரமும். சாகுபடி வளர்ச்சி என்று எடுத்துக்கொண்டால் அதன் பொறுப்பில் இருப்பது ஏலக்காய். சீரகம், மல்லி, வெந்தயம் சாகுபடிக்கான மத்தியத் திட்டங்களைப் பார்ப்பது வேளாண் அமைச்சகத்தின் கீழ் கோழிக்கோட்டில் இயங்கும் பாக்கு, மசாலா வளர்ச்சி இயக்ககம். ஆராய்ச்சிக்கு அஜ்மீர் பக்கம் தபீஜியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய தேசிய விதை மசாலா ஆராய்ச்சி மையம். மானியம் கைக்கு வருவதோ மாநிலத் தோட்டக்கலைத் துறை வழியாக.

விளைவிப்பது ஓர் அமைச்சகம், விற்பது இன்னொன்று. இந்தப் பிளவு காகிதத்தில் சின்ன விஷயமாகத் தெரியும். வயலில் என்ன நடக்கிறது என்றால், பரப்பைக் கூட்டு என்று ஒருவர் சொல்லும்போது அந்தக் கூடுதல் மகசூலை யார் எந்த விலைக்கு எடுப்பார் என்று சொல்ல அந்த இடத்தில் ஆள் இருப்பதில்லை. என் பார்வையில் இந்தத் திட்டங்களின் அடிப்படைக் குறை இதுதான். விதைப்புக்கு அருகில் உதவி நிறைய இருக்கிறது. விற்பனையை நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போகிறது.

சாகுபடிக்கு என்ன மானியம் உண்டு?

2005-06இல் தேசியத் தோட்டக்கலை இயக்கம் வந்தது. 2014-15 முதல் அது ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் சேர்ந்தது. அப்போது வகுத்த விதிப்படி விதை மசாலாவுக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் செலவு என்று கணக்கிட்டு அதில் 40 சதவீதம், அதாவது 12,000 ரூபாய் உதவி. 2025இல் வழிகாட்டுதல்களைத் திருத்தியிருக்கிறார்கள். அதனால் பழைய துண்டறிக்கையைப் பார்த்து முடிவு செய்யாமல், நடப்பு ஆண்டுத் தொகையை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பணமாக மட்டுமே வராது. விதை, உயிர் உரம், இடுபொருள் என்றும் வரும்.

அப்படியென்றால் பரப்பு கூடியது மானியத்தால்தானா?

இல்லை. 2023இல் உஞ்சாவில் சீரகம் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. அதுவரை யாரும் பார்க்காத விலை. அந்த விலையைப் பார்த்த குஜராத் விவசாயிகள் அடுத்த பட்டத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? 2022-23இல் சுமார் 2.75 லட்சம் ஹெக்டேராக இருந்த சீரகப் பரப்பு 2023-24இல் சுமார் 5.6 லட்சம் ஹெக்டேர் ஆனது. ஒரே ஆண்டில் இரட்டிப்பு. எந்த மானியமும் அந்த ஆண்டு இரட்டிப்பாகவில்லை. புது மகசூல் சந்தைக்கு வந்தபோது விலை பாதிக்கும் கீழே போனது.

பக்கத்து வயல்காரன் போன வருடம் என்ன விலைக்கு விற்றான் என்பதை வைத்துத்தான் விவசாயி முடிவெடுக்கிறார். அதில் தவறு சொல்ல முடியாது, அவருக்குக் கிடைக்கும் ஒரே நம்பகமான தகவல் அது. ஆனால் எல்லோருக்கும் கிடைப்பதும் அதே தகவல். ஒரு மாவட்டத்தில் எவ்வளவு விதைக்கப்பட்டிருக்கிறது என்ற கணக்கு வேளாண் துறையிடம் வாராவாரம் இருக்கிறது. விதைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 'போன வருடத்தை விட இவ்வளவு கூடிவிட்டது, பார்த்துக்கொள்ளுங்கள்' என்று கிராமம் வரை சொன்னால் அதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

அரசு ஆராய்ச்சியால் விவசாயிக்கு நேரடிப் பயன் உண்டா?

உண்டு, கண்கூடாக. என்னைக் கேட்டால் எல்லாத் திட்டங்களிலும் போட்ட காசுக்கு அதிகம் திருப்பித் தந்தது இதுதான்.

சீரகம் எவ்வளவு ஆபத்தான பயிர் என்பதற்கு ராஜஸ்தானில் ஒரு நாட்டுப்பாடலே இருக்கிறது. சீரகம் உயிருக்குப் பகை, விதைக்க வேண்டாம் என்று மனைவி கணவனிடம் மன்றாடுவாள். காரணம் இருக்கிறது. மண்ணில் உள்ள பூஞ்சையால் வரும் வாடல் நோய் ஒரு பக்கம். திட்டுத் திட்டாகச் செடி தலை தொங்கிச் சாகும். பூக்கும் சமயத்தில் இரண்டு நாள் வானம் மூடி, காலையில் பனி இறங்கினால் கருகல் நோய். திங்கட்கிழமை பச்சையாக நின்ற வயல் அடுத்த திங்களுக்குள் தீப்பட்டது போல் கருகிப்போகும்.

இதில் வாடலுக்கு ஓரளவு பதில் கொடுத்தது குஜராத்தின் ஜகுடன் ஆராய்ச்சி நிலையம் தந்த குஜராத் சீரகம்-4 என்ற ரகம். வாடலைத் தாங்கும் என்பதால் இரண்டு மாநிலங்களிலும் பரவி, பல ஆண்டுகளாக வயல்களில் அதுவே நிற்கிறது. ஒரே ரகத்தை இத்தனை பரப்பில் நம்பியிருப்பது வேறொரு ஆபத்து. அதற்கு மாற்றுகள் வேகமாக வர வேண்டும். ஜோத்பூரில் உள்ள மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிறுவனம் சிஇசட்சி-94 என்ற குறுகிய காலச் சீரகத்தைத் தந்திருக்கிறது. வழக்கமான ரகம் 130 நாளுக்கு மேல் எடுக்கும் இடத்தில் இது சுமார் 100 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஒரு மாதம் முன்னதாக முடிந்தால் ஒரு தண்ணீர் மிச்சம், மருந்தடிப்பு மிச்சம், மாசி-பங்குனி ஆலங்கட்டி மழைக்கும் தப்பலாம்.

மல்லியில் ராம்கஞ்ச் மண்டி, கோட்டா பக்கம் தண்டு வீக்க நோய் பெரிய தொல்லை. நோய் வந்த காய் உருண்டையாக இல்லாமல் நீண்டு கிராம்பு போல ஆகிவிடும். அதனால் அங்கே 'லௌங்கியா' என்றே பெயர். அஜ்மீர் மையம் வெளியிட்ட அஜ்மீர் மல்லி-1 அதைத் தாங்கும்.

ரகம் வந்துவிட்டது, சரி. விதை வந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி. நல்ல ரகம் வெளியான பிறகும் பெரும்பாலானோர் வீட்டில் எடுத்துவைத்ததையோ சந்தையில் வாங்கியதையோதான் விதைக்கிறார்கள். சான்று பெற்ற விதைக்கான ஒதுக்கீட்டைக் கூட்டினாலே மானியத்தை விடப் பெரிய பலன் கிடைக்கும்.

நீர்த் திட்டங்கள் என்ன மாற்றம் செய்தன?

ஜாலோர் மாவட்டத்தின் சாஞ்சோர் பகுதியைப் பாருங்கள். 2008இல் நர்மதை வாய்க்கால் தண்ணீர் அங்கே எட்டியது. அந்தத் திட்டத்தில் ஒரு கண்டிப்பு வைத்தார்கள்: வாய்க்காலிலிருந்து நேரடியாகப் பாய்ச்சக் கூடாது, தெளிப்பு நீர் முறையில்தான் பாய்ச்ச வேண்டும். இந்தியாவில் பெரிய பாசனத் திட்டம் ஒன்றில் அப்படிக் கட்டாயமாக்கியது அதுதான் முதல் முறை. மழையை மட்டும் நம்பி கம்பும் நரிப்பயறும் விதைத்த மணல் நிலத்தில் சீரகமும் கடுகும் வந்தன. சீரகத்துக்கு நான்கைந்து தண்ணீர் போதும். நெல்லைப் போல் கேட்பதில்லை. அந்தப் பாலை நிலத்துக்கு அதனால்தான் பொருந்துகிறது.

ஆனால் தண்ணீர் வசதி வந்ததும் கை தாராளமாகிவிடும். ஈரம் கூடினால் கருகலுக்கும் சாம்பல் நோய்க்கும் கொண்டாட்டம். அப்புறம் மருந்துச் செலவு. தண்ணீரோடு சேர்த்து எப்போது நிறுத்த வேண்டும் என்ற பாடமும் போய்ச் சேர்ந்த கிராமங்களில்தான் பயிர் நிற்கிறது.

நுண்ணீர்ப் பாசனத்துக்கு மத்திய அரசின் 'ஒரு துளியில் அதிகப் பயிர்' திட்டத்தில் சிறு, குறு விவசாயிக்கு 55 சதவீதமும் மற்றவருக்கு 45 சதவீதமும் மானியம் உண்டு. மாநிலங்கள் மேலே சேர்த்துக் கொடுக்கின்றன. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 75 சதவீதம்.

பயிர்க் காப்பீடு எந்த அளவுக்கு உதவும்?

பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 காரீப் (மழைக்கால) பருவத்தில் தொடங்கியது. கோதுமைக்கும் கடுகுக்கும் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். சீரகம், மல்லி போன்றவை தோட்டக்கலை, பணப்பயிர் வரிசையில் வருவதால் 5 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. ஆபத்து மிகுந்த பயிர் என்பதால் இது தேவைதான்.

சிக்கல் இழப்பைக் கணக்கிடும் விதத்தில் இருக்கிறது. பொதுவாக ஒரு பகுதி முழுவதுக்கும் சராசரி மகசூல் எடுத்துத்தான் இழப்பீடு. கருகல் நோய் அப்படிச் சீராகப் பரவுவதில்லை. உங்கள் வயல் கருகி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நன்றாக இருந்தால் சராசரியில் உங்கள் இழப்பு கரைந்துவிடும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறக்க வேண்டாம். ஆலங்கட்டி மழை, வெள்ளம் போன்றவற்றால் உங்கள் வயல் தனியாகப் பாதிக்கப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அறுத்துக் களத்திலோ வயலிலோ காயப்போட்டிருக்கும்போது பருவம் தவறிய மழை பெய்தாலும் அறுவடையிலிருந்து 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு; தகவல் சொல்ல அதற்கும் அதே 72 மணி நேரம்தான். சீரகமும் மல்லியும் வெட்டிக் காயவைக்கும் பயிர்கள். பலருக்கு இந்தப் பிரிவு இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், நனைந்த மல்லியை மூன்று நாள் திருப்பித் திருப்பிக் காயப்போட்டுப் பார்த்துவிட்டு, நிறம் கறுத்த பிறகு நான்காம் நாள் மனு எழுதினார். காலக்கெடு தாண்டிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். முதலில் போன் பண்ணுங்கள், அப்புறம் களத்தைப் பாருங்கள்.

குறைந்தபட்ச ஆதரவு விலை ஏன் இல்லை?

மசாலாப் பயிர் எதற்கும் இல்லை. இப்போது கடுகுக்கு வருகிறேன். பார்மரில் ஒரே விவசாயி ஒரே பட்டத்தில் ஒரு துண்டில் கடுகும் அடுத்த துண்டில் சீரகமும் விதைக்கிறார். கடுகுக்கு 2025-26 சந்தைப் பருவத்தில் குவிண்டாலுக்கு 5,950 ரூபாய் ஆதரவு விலை. விலை அதற்குக் கீழே போனால் கொள்முதல் நிலையம் என்று ஒரு வாசல் இருக்கிறது. சீரகத்துக்கு அந்த வாசல் கிடையாது. அதிக நோய், அதிகச் செலவு, அதிக விலையாட்டம் உள்ள பயிருக்கு, விலை இதற்குக் கீழே போகாது என்ற தரையே இல்லை.

அரசுத் தரப்பில் சொல்லும் காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே: மசாலாவை வாங்கிச் சேமித்து ரேஷனில் கொடுக்க முடியாது, நிறமும் மணமும் போய்விடும், ஏற்றுமதிச் சந்தை வைக்கும் விலை. ஆனால் வேறு வழி இல்லாமல் இல்லை. சந்தைத் தலையீட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மாநில அரசு கேட்டால், விலை சரிந்த தோட்டக்கலைப் பயிருக்கு மத்திய அரசு தற்காலிகமாகக் கைகொடுக்கும். 2025இல் ஆந்திராவின் மிளகாய்க்கு அப்படித்தான் குவிண்டாலுக்கு 11,781 ரூபாய் என்று அறிவித்தார்கள். மிளகாய்க்கு முடிந்தது மல்லிக்கும் முடியும். மாநிலம் கேட்க வேண்டும், அதுவும் விலை விழுந்து மூட்டை கைமாறுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசத் தொகையை மட்டும் கொடுத்தால் போதுமே என்கிறார்கள் சிலர். மத்தியப் பிரதேசத்தில் 2017இல் எண்ணெய்வித்து, பயறுகளுக்கு அப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். திட்டம் நடக்கும் நாள்களில் எல்லோரும் மொத்தமாகக் கொண்டுவந்து கொட்ட, வியாபாரிகள் விலையை இறக்கிவிட்டார்கள் என்ற புகார்தான் மிஞ்சியது. மசாலாவுக்குச் செய்வதானால் விற்கும் நாள்களைப் பரவலாக வைத்துச் செய்ய வேண்டும்.

மசாலாப் பூங்காக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் அந்த இடைவெளியை நிரப்பவில்லையா?

கொஞ்சம். மசாலா வாரியத்தின் பூங்காக்களில் ஜோத்பூர், கோட்டா, குணா மூன்றும் விதை மசாலா மண்ணில் இருக்கின்றன. தூற்றி, சலித்து, தரம் பிரித்து, அரைத்துக் கொடுக்க இடம். பெரும்பாலும் பயன்படுத்துவது வியாபாரிகளும் ஆலைக்காரர்களும். தனி விவசாயி பத்து மூட்டையோடு அங்கே போய் நிற்க முடியாது, கூட்டாகத்தான் போக முடியும். அதற்கு 2020இல் தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனத் திட்டம் இருக்கிறது. ஒரு நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவு தருகிறார்கள். மூன்று ஆண்டு முடிந்த பிறகும் நடக்கும் நிறுவனங்கள் எவை என்று பார்த்தால், உரம் விற்பதோடு நிற்காமல் உறுப்பினரின் விளைச்சலையும் வாங்கி விற்றவை.

மருந்து எச்சம் என்று ஏற்றுமதியில் திருப்பி அனுப்புகிறார்களே, அதில் அரசின் பங்கு என்ன?

சீரகத்தில் அடிக்கலாம் என்று முறையாகப் பதிவான மருந்துகள் மிகக் குறைவு. நோயோ அதிகம். கடைக்காரர் கொடுப்பதை விவசாயி அடிக்கிறார். 2024 ஏப்ரலில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், இந்தியாவில் பதிவாகாத மருந்துகளுக்கு மசாலாவில் அனுமதிக்கும் எச்ச அளவைக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராமிலிருந்து 0.1 ஆக உயர்த்தியது. ஐரோப்பாவில் பொதுவான வரம்பு 0.01தான். ஆக, இங்கே தேறும் மூட்டை அங்கே தேறாது. வரம்பைத் தளர்த்துவதை விட, சீரகத்துக்கென்று நான்கு பாதுகாப்பான மருந்துகளைச் சோதித்துப் பதிவு செய்து கொடுத்திருந்தால் விவசாயிக்கும் சாப்பிடுகிறவருக்கும் நல்லது.

குத்தகைக்கு எடுத்தவருக்கு இவை கிடைக்குமா?

விதிப்படி பயிர்க் காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு. நடைமுறையில் எல்லாம் பட்டாவைப் பார்த்துத்தான். வடக்கு குஜராத்திலும் சௌராஷ்டிரத்திலும் 'பாகியா' என்ற பங்கு உழைப்பாளிக் குடும்பங்கள் வயலிலேயே தங்கிப் பாடுபடுகின்றன; எழுத்தில் ஒன்றும் இருக்காது. தமிழ்நாட்டிலும் வாய்ப்பேச்சுக் குத்தகைதான் அதிகம். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக் கரிசல் மல்லிக்கு என்ன வழி?

எங்கள் பக்கத்துப் பயிர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விதைப்போம், தை, மாசியில் எடுப்போம். நாம் விதைப்பது உண்மையில் காய், உள்ளே இரண்டு விதை. அதனால் விதைக்கு முதல் நாள் திண்ணையில் சாக்கை விரித்து மல்லியைப் பரப்பி, மரக்கட்டையால் மெல்ல அழுத்தித் தேய்ப்பார்கள். சரியான அழுத்தத்தில் பாதிப் பாதியாகப் பிரிந்துவரும். கை கொஞ்சம் கனத்தால் நொறுங்கி முளைப்பு போய்விடும். எங்கள் ஆச்சி கட்டையைத் தொடவே மாட்டார், உள்ளங்கையால்தான் தேய்ப்பார்.

வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் விதைக் கடினப்படுத்தலையும் இதோடு செய்யலாம். லிட்டருக்கு 10 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த நீரில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தினால், முளைத்தபின் மழை தள்ளிப்போனாலும் பயிர் தாங்கும். மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ விதை.

எங்களுக்குப் பெரிதாக உதவும் திட்டம் எது என்று கேட்டால் பண்ணைக்குட்டை என்பேன். பூக்கும்போது ஒரு உயிர்த் தண்ணீர் கிடைத்தால் மானாவாரி மல்லி தப்பிவிடும். மாறாக 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டியது போன்ற மழையில் காப்பீடு ஒன்றுதான் பிடிமானம். பயிர் அறிவிப்பும் கடைசித் தேதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் பார்த்துக்கொண்டு, அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) 'மல்லி' என்றே பதிவாகியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்யுங்கள். பருத்தியோடு ஊடுபயிராகப் போட்டால் பருத்தி மட்டும் ஏறிவிடும்.

அறுவடை நேரத்தில் விலை படுத்திருந்தால் என்ன செய்வது?

நன்கு காய்ந்த மல்லி சில மாதம் இருக்கும்; பூச்சி விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். சரக்கின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள் வரை தருவார்கள். வட்டி வெளிக் கடனை விட மிகக் குறைவு. உரக்கடைப் பாக்கிக்காகக் களத்திலேயே மூட்டையைத் தூக்கிக் கொடுக்கும் நிலை இதனால் தவிரும். போவதற்கு முன் நன்றாகத் தூற்றி, காம்பும் மண்ணும் இல்லாமல், நிறம் போகாமல் நிழலில் உலர்த்திக் கொண்டுபோங்கள். வெயிலில் வெளுத்த மல்லிக்கு மதிப்புக் குறைத்துத்தான் கடன் போடுவார்கள்.